அறுபத்து நாலும் நாலும்

ஒட்டம்வா, அயோவா
1980 பிப்ரவரி 11

அன்புள்ள டார்லா,

எங்கே போய்த் தொலைந்தாய்?

இந்த வரியை அடித்துவிட்டு மரியாதையாகத் தொடங்கலாம் என்று நினைத்தேன். பிறகு, உனக்கென்ன மரியாதை என்று விட்டுவிட்டேன். நேற்று கடைசி விசில் ஊதியதும் உன்னைத்தான் முதலில் கட்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷம் கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது. என்னைத் தூக்கினார்கள், இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள். மேலே இருந்தபோதெல்லாம் உன் தலை தெரிகிறதா என்று தேடினேன். உடை மாற்றும் அறையில் உன் அலமாரி காலி. வெளியே உன் டிரக்கைக் காணோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் படுக்கை மடித்து வைத்திருக்கிறது, குளியலறையில் ஒரு பிரஷ்தான் இருக்கிறது.

அறுபத்து நாலு, டார்லா! இந்தக் கூடைப்பந்து லீக்கில் எந்தப் பெண்ணும் ஒரே ஆட்டத்தில் ஐம்பத்து மூன்று புள்ளியைத் தாண்டியதில்லை. டுலூத்காரிகள் மூன்று பேர் என்னைச் சுற்றி வேலி கட்டினார்கள். அப்படியும் பந்து எங்கிருந்தோ வந்து கையில் விழுந்துகொண்டே இருந்தது. எங்கிருந்தோ என்ன, உன்னிடமிருந்துதான். நீ ஒரு ஷாட்டும் அடிக்கவில்லை. பத்திரிகைக்காரர் அதைத்தான் தலைப்பாக்கியிருக்கிறார்: ‘தோழிக்காக ஒரு மாலை’. வெட்டி இதோடு அனுப்பியிருக்கிறேன். படத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன், நீ தரையைப் பார்க்கிறாய்.

போன் செய்தேன். உன் அம்மா எடுத்து, “அவ மாட்டுக் கொட்டகையில இருக்காம்மா” என்றார். பிறகு செய்தபோதும் கொட்டகை. இன்று காலையிலும் கொட்டகை. அந்த மாடுகளுக்கு உன்னிடம் அப்படிப் பேச என்ன இருக்கிறது?

நம் அணியில் ரொண்டா இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “ஏய் அறுபத்து நாலு, அந்த உப்ப இந்தப் பக்கம் தள்ளு” என்கிறாள். ஆறடி இரண்டங்குல உயரத்தில் இருந்து அவள் அதைச் சொல்லும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் நீ இல்லாமல் பாதிச் சிரிப்புதான் வருகிறது. கோச் டிவிட் வேறு, “டார்லா எங்க, உடம்பு சரியில்லையா?” என்று துளைக்கிறார். என்ன சொல்ல?

நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் செருப்புக்குள் கல் கிடப்பதுபோல் ஏதோ ஒன்று. கழற்றி உதறினால் ஒன்றும் விழவில்லை. போட்டால் மறுபடி உறுத்துகிறது.

உடனே எழுது.

மார்லிஸ்

*

ப்ராட்டிவின்
பிப்ரவரி 15

மார்லிஸ்,

வாழ்த்துகள்.

கொட்டகை பொய் இல்லை. இது கன்று போடுகிற காலம், அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. முந்தாநாள் ஒரு கன்று பின்னங்காலை முன்னால் வைத்து வந்தது. தோள்வரை கையை விட்டு இழுத்தேன். பிழைத்துக்கொண்டது. அதற்கு யாரும் என்னைத் தூக்கவில்லை. அப்பா மட்டும், “பரவால்ல, இன்னும் கை பழக்கம் போகல” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பத்திரிகை நறுக்கு வந்தது. அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நான் எடுத்து உள்ளே வைத்தேன். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து மறுபடி ஒட்டினாள். “ஊரே பேசுது, எம் பொண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு” என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் என்று அவள் கேட்டாள். நீயும் அதையே கேட்கிறாய்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாக இருந்தால், நீ ஞாயிற்றுக்கிழமையில் இருந்து தொடங்கியிருக்க மாட்டாய். அதற்கு முந்தின பஸ் பயணத்தில் இருந்து தொடங்கியிருப்பாய்.

நான் திரும்பி வருவதாக இல்லை. கோச்சிடம் சொல்லிவிடு. கதவுக்குப் பின்னால் என் பனி பூட்ஸ் இருக்கிறது. அதை நீயே போட்டுக்கொள். உன்னுடையதில் தண்ணீர் இறங்குகிறது.

டார்லா

*

ஒட்டம்வா
பிப்ரவரி 19

டார்லா,

பஸ்ஸா? எந்த பஸ்?

சத்தியமாக எனக்கு விளங்கவில்லை. உன் கடிதத்தை ரொண்டாவிடம் காட்டினேன் (கத்தாதே, வேறு யாரிடமும் காட்டவில்லை). அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “அடிப் பாவி, ஹாம் சாண்ட்விச்ச வாயில வெச்சுக்கிட்டு நீ சொன்னது உனக்கு ஞாபகமே இல்லையா?” என்றாள்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கோச் தன் முன் சீட்டில் இருந்து திரும்பி எல்லார் முன்னாலும் கேட்டார்: “டார்லா இனிமே அவளும் ஷூட் பண்றேங்கறா. குளிர்காலம் பூரா காலையில தனியா வந்து பழகியிருக்கா. மார்லிஸ், நீ என்ன சொல்றே?” நான் சொன்னேன்: “யாரு, இவளா? ஸ்கூல்ல நாலு வருஷம் கூடைய கண்ணால பாக்காதவ. இவ எறிஞ்சா பந்துக்கே வழி தெரியாது.”

பஸ் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். நான் பார்த்தேன். நீயும்தானே சிரித்தாய்?

அது ஒரு கேலி, டார்லா. நம் பள்ளிக்கூட ஆட்டத்தைப் பற்றிய கேலி. ஆறு பேர் ஆட்டம் ஆடிய எல்லாரும் சொல்கிற கேலிதான். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர் கூடையில் போடுவோம், இந்தப் பக்கம் நீங்கள் மூன்று பேர் தடுப்பீர்கள், யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. அந்த விதியை நானா எழுதினேன்? இங்கே ஐந்து பேர் ஆட்டத்துக்கு வந்த பிறகு, கோட்டைத் தாண்டுவதற்கே நீ எவ்வளவு நாள் பயந்தாய் என்று நாமே எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

நீ தனியாகக் காலையில் போய்ப் பழகியது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படித் தெரியாமல் போனது என்று நீ கேட்பாய். நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

சரி, அந்தக் கோபத்தில்தான் போனாய் என்றால், ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏன் அத்தனை பந்து கொடுத்தாய்? கோபம் இருந்தால் கொடுக்கக் கூடாது அல்லவா? கடைசியில் நீ கூடைக்குக் கீழே தன்னந்தனியாக நின்றாய். கையைத் தூக்கினால் போதும், உள்ளே விழுந்திருக்கும். திரும்பி என்னிடம் எறிந்தாய். அதுதான் அறுபத்து நாலாவது. எனக்கு ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. நீ சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீ போன பிறகு நடந்த ஆட்டத்தில் ஒன்பது அடித்தேன். ஒன்பது.

வா, டார்லா.

மார்லிஸ்

*

ப்ராட்டிவின்
பிப்ரவரி 25

மார்லிஸ்,

ஆம், சிரித்தேன். பஸ் ஓடிக்கொண்டிருந்தது, இறங்க முடியாது. சிரிப்பதைத் தவிர வேறு என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். சொன்ன பிறகு வா என்று எழுத மாட்டாய்.

ஆடுகளத்தில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இன்றைக்கு எல்லாப் பந்தும் இவளுக்குத்தான். என் முன்னால் ஆளே இல்லாவிட்டாலும் இவளுக்குத்தான். இவளுடைய பசியை ஊர் பார்க்கட்டும். தின்னு, விக்குகிறவரை தின்னு என்று. நீ தவறவிட வேண்டும், தவறவிட்டுத் தவறவிட்டு எல்லார் முன்னாலும் கேவலப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் எறிந்தேன். நான் வேண்ட வேண்ட நீ போட்டுக்கொண்டே போனாய். இடைவேளையில் முப்பத்தொன்று. கோச் என் தோளைத் தட்டி, “இப்படியே குடும்மா, தங்கம்” என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். நான் கெட்டவள், நீ பேராசைக்காரி, அவ்வளவுதான்.

ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. நீ எங்கே போகப் போகிறாய் என்று நீ கிளம்பும் முன்பே எனக்குத் தெரிந்தது. உன் இடது தோள் ஒரு துளி இறங்கும். நான் ஆளில்லாத இடத்துக்கு எறிவேன். பந்து போய்ச் சேரும்போது நீ அங்கே இருப்பாய். கூட்டம் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. நான் ஆடியதிலேயே அதுதான் நல்ல ஆட்டம். அப்போதும் எனக்குக் கோபம் இருந்ததா? எந்தப் புள்ளியோடு அது தீர்ந்தது? தீர்ந்ததா? உனக்குக் கொடுத்தேனா, உன்மேல் வீசினேனா? கன்றுக்குப் பால் புகட்டும்போதெல்லாம் இதையே போட்டு உருட்டுகிறேன், பிடி கிடைக்கவில்லை.

விசில் ஊதியதும் ஓடி வந்து கட்டிக்கொண்டு, “நீதான்டி, எல்லாம் நீதான்டி” என்றாய். உன் வியர்வை என் கன்னத்தில் ஒட்டியது. அந்தக் கட்டிப்பிடிப்பு எனக்குச் சேர வேண்டியதா, இல்லையா என்று தெரியாமல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அதனால் போனேன்.

வா என்கிறாய். யாரை வரச் சொல்கிறாய், என்னையா, நான் எறிகிற பாஸையா? ஒன்பது என்று இரண்டு முறை எழுதியிருக்கிறாயே, அதனால் கேட்கிறேன்.

டார்லா

*

ஒட்டம்வா
மார்ச் 1

டார்லா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். இப்போது என் எதிரே பல்லிளித்துக்கொண்டு கிடக்கிறது.

நீ ஒருத்திதான் கோபமாக ஆடினாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? எனக்குத் தெரியும்டி. முதல் கால் பகுதியிலேயே தெரியும். உன் பந்து வழக்கமாகக் கைக்குள் வந்து உட்காரும். அன்றைக்குக் கல் மாதிரி வந்து அறைந்தது. உள்ளங்கை சிவந்துபோயிற்று. ஏதோ வஞ்சம் வைத்துத்தான் எறிகிறாள் என்று தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. சரி, நீ நிறுத்துகிறாயா நான் நிறுத்துகிறேனா பார்ப்போம் என்று நானும் போட்டேன். சாதனை பற்றி எனக்கு நினைப்பே இல்லை. அறிவிப்பாளர் ஐம்பத்து நாலு என்று கத்தியபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

இன்னொன்று. நீ இதைக் குறிப்பிடவே இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. மூன்றாவது பகுதியில் பந்து என்னிடம். என்மேல் இரண்டு பேர். நீ கூடைக்கு வலப்பக்கம், உன்னைச் சுற்றி ஒருத்தியும் இல்லை. அன்று முழுவதும் ஒரே ஒரு முறை கையைத் தூக்கி, “மார்லிஸ், இங்க!” என்று கூப்பிட்டாய். கேட்டது. நன்றாகவே கேட்டது. நான் அந்த இரண்டு பேருக்கும் மேலே எம்பி அடித்தேன். உள்ளே போய்விட்டது. போனதுதான் கெடுதல். வெளியே போயிருந்தால் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். உள்ளே போன ஷாட்டுக்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? கூட்டம் எழுந்து நின்றது. நீ திரும்பித் தடுக்க ஓடிவிட்டாய்.

அதற்குப் பிறகும் நீ எனக்கு எறிந்தாய். நீயே சொல்கிறாய், அப்போதுதான் நன்றாக எறிந்தாய் என்று. என் மூளை அதற்கு மேல் ஓட மறுக்கிறது.

என்னையா, என் பாஸையா என்று கேட்டாய். உனக்குப் பிறகு ஒன்பது, பன்னிரண்டு, ஏழு. ரொண்டா இப்போது உப்பைக்கூடக் கேட்பதில்லை, தானே எழுந்து எடுத்துக்கொள்கிறாள். காலையில் எழுந்ததும் உன்னை நினைக்கிறேன். உன்னை நினைக்கிறேனா, அந்த ஏழு புள்ளியை நினைக்கிறேனா என்று பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை. பொய் சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

எனக்குத் தெரியவில்லை, டார்லா. இதுதான் பதில்.

மார்லிஸ்

*

ப்ராட்டிவின்
மார்ச் 8

மார்லிஸ்,

உன் ‘தெரியவில்லை’யை நம்பினேன். பள்ளிக்கூட நாளில் இருந்து நீ என்னிடம் சொன்னதிலேயே அதுதான் அசல். டிரக்கில் பெட்டியை ஏற்றலாமா என்று பாதி நாள் யோசித்தேன். அம்மா எனக்குத் தெரியாமல் என் ஜெர்ஸியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

மறுநாள் தபாலில் கோச்சிடம் இருந்து இரண்டே வரி. சொல்லாமல் போனதால் அணியில் இருந்து விடுவிக்கிறார்களாம், நல்லா இரு என்கிறார். மனிதர் மோசமானவர் இல்லை. தானாக இதைச் செய்யக்கூடியவரும் இல்லை. உன்னிடம் கேட்டிருப்பார், எப்போதும் உன்னிடம்தான் கேட்பார். நீ என்ன சொன்னாய்?

அதற்குள் சூ ஃபால்ஸ் அணியில் இருந்து போன் வந்தது. அவர்களுக்குத் தடுப்பு ஆட ஒருத்தி வேண்டுமாம். அந்த அம்மாள் வளவளவென்று பேசவில்லை. “நீ யாரத் தடுப்ப?” என்று கேட்டாள். “ஒருத்திய நல்லாத் தடுப்பேன்” என்றேன். சிரித்துவிட்டு, “அது போதும், கெளம்பி வா” என்றாள். ஷூட் பண்ணலாமா என்று நான் கேட்டேன். “கையில பந்து இருந்தா எறிய வேண்டியதுதான, இதுல கேக்க என்ன இருக்கு?” என்றாள்.  யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று ஒருவரும் எனக்கு இதுவரை சொன்னதில்லை.

நாளை கிளம்புகிறேன். இந்த மாதம் நீங்கள் அங்கே ஆட வருகிறீர்கள். அட்டவணையைப் பார்த்தேன்.

டார்லா

*

ஒட்டம்வா
மார்ச் 12

டார்லா,

கேட்டார். பயிற்சி முடிந்து பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம். “டார்லாவுக்காகக் காத்திருக்கலாமா, விட்டுடலாமா? நீ சொல்லு” என்றார்.

உன்னிடம் சொன்னதைத்தான் அவரிடமும் சொன்னேன். “தெரியல கோச்.”

அவ்வளவுதான் சொன்னேன். காத்திருங்கள் என்று சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பார். அவர், “உனக்கே தெரியலைன்னா அப்ப சரி” என்று போய்விட்டார். அவருக்கு எது சரி என்று பட்டது என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உடனே அவர் அறைக்கு ஓடினேன். “இப்ப வந்து கத்துனா? அன்னிக்கு வாய்ல என்ன வெச்சிருந்த?” என்றார். அன்றைக்கு என் வாயில் ஒன்றும் இல்லை.

உன்னிடம் அந்தச் சொல் நேர்மையாக இருந்தது. அவரிடம் அதே சொல் உன்னை வெளியே தள்ளிவிட்டது. ஒரே சொல். இது எப்படி என்று யாராவது எனக்கு விளக்குங்கள்.

ரொண்டா பேசுவதில்லை. உன் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.

மார்லிஸ்

*

ஒட்டம்வா
மார்ச் 24

டார்லா,

நாலு.

எழுதிப் பார்த்தேன். காகிதத்தில் இன்னும் சிறிதாகத் தெரிகிறது.

உங்கள் சூ ஃபால்ஸ் ஊர்க்காரர்கள் நல்ல கைகாரர்கள். வாசலிலேயே அட்டையில் 64 என்று எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாராட்டு என்று நினைத்துக் கையாட்டினேன். இடைவேளைக்குள் அதே அட்டையில் ஆறை அடித்துவிட்டு நாலை மட்டும் விட்டிருந்தார்கள்.

எதைச் சொல்ல? என் மூச்சு கேட்கும் தூரத்தில் நீ. உன் சூயிங்கம் வாசனை. பள்ளியில் ஒரே அணியில் இருந்தும் நமக்கு நடுவில் எப்போதும் ஒரு கோடு. இங்கே ஒரே பக்கம் ஓடினோம். நீ எனக்கு எதிரே நின்று நான் பார்த்ததே இல்லை. எதிராளிகள் உன்னைப் பற்றிப் புலம்பும்போதெல்லாம், அப்படி என்ன இருக்கிறது இவளிடம் என்று நினைத்திருக்கிறேன்.

“இடது பக்கம் போகப் போற” என்றாய், உதடு அசையாமல்.

“போகல.”

“போற.”

போனேன். நீ அங்கே இருந்தாய்.

“இப்ப ஏமாத்தி வலது பக்கம்.”

“வாய மூடுடி.”

“கால மாத்து, தடுக்கும்.”

கால் தடுக்கியது. விழுந்தேன். நடுவர் விசில் ஊதவில்லை, நீ என்னைத் தொடவே இல்லையே! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என்னைப் பற்றி எனக்கே தெரியாததையெல்லாம் ஒருத்தி தெரிந்து வைத்திருக்கிறாள். ஆனால் எனக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்? நீ ஒன்பது புள்ளி அடித்தாய். ஒன்று என் தலைக்கு நேர் மேலே. அழகான ஷாட், மணிக்கட்டு கடைசியில் பூ மாதிரி தொங்கியது. அது எங்கிருந்து வரும், எப்போது வரும், ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. மரம் மாதிரி நின்று பார்த்தேன்.

கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். பந்து என்னிடம், உன் கை என் முகத்துக்கு முன்னால். அந்தக் கையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கிருந்தோ ரொண்டா, “ஏய், இங்க! மார்லிஸ், இங்க!” என்றாள். அவள் என் பெயரைச் சொல்லி நாளாயிற்று. கொடுத்துவிட்டேன். உன் கைக்கு அடியில், தரையில் ஒரு தட்டு தட்டி. அவள் போட்டாள். நாங்கள் ஜெயித்தோம்.

உனக்குக் கொடுத்திருக்க வேண்டிய பந்து அது, டார்லா. உன்னையே எதிரே வைத்துக்கொண்டு அதை வேறொருத்திக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பத்திரிகைக்காரர்கள், அறுபத்து நாலு அடித்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். எதைச் சொன்னாலும் பொய்யாகும் என்று தோன்றியது. “எதிர்ல நின்னவளப் போய்க் கேளுங்க” என்றேன். உன்னிடம் வந்தார்களா? என்ன சொன்னாய்?

அப்புறம் வெளியே. பனியில் உன் டிரக் கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தேன். ஆயிரம் வார்த்தை தயாராக வைத்திருந்தேன். நீ கண்ணாடியை இறக்கி, “தள்ளு” என்றாய். தள்ளினேன். ரொண்டாவும் வந்து தள்ளினாள். வண்டி சட்டென்று கிளம்பியது, நான் முகம் குப்புறச் சேற்றுப் பனியில் விழுந்தேன். தலையைத் தூக்கினால் உன் சிவப்பு விளக்கு போய்க்கொண்டிருந்தது.

நீ நிறுத்தவில்லை. அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளவா?

மார்லிஸ்

*

சூ ஃபால்ஸ்
மார்ச் 29

மார்லிஸ்,

நிறுத்தினால் இன்ஜின் மறுபடி படுத்துவிடும், அதனால் நிறுத்தவில்லை. பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. மூன்று தெரு ஓட்டிச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். உங்கள் பஸ் போய்விட்டிருந்தது. நீ விழுந்த இடத்தில் பனியில் முழு ஆள் அச்சு இருந்தது. இறங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்ஜினை அணைக்கவில்லை.

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். “சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, அவ எனக்குத் தெரிஞ்சவ” என்றேன். அவர்களுக்கு அது போதவில்லை.

அந்த ஆட்டத்தில் எனக்கு என்ன இருந்தது என்று நீ கேட்கவில்லை. இந்த முறை நானே சொல்கிறேன். பழிவாங்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் இறங்கினேன். முதல் இரண்டு முறை உன்னை மறித்தபோது உள்ளே குளிர்ந்தது, உண்மை. அப்புறம் நீ விழுந்தாய். கை நீட்டித் தூக்கலாம் என்று நினைத்தேன், உன் அணிக்காரி தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகு, நாற்பதுக்குப் பிறகு அன்று எனக்கு வந்ததே, அதுவே மறுபடி வந்தது. உன் தோள், உன் கால், உன் மூச்சு. நான் கொடுத்தபோதும் அதைத்தான் பார்த்தேன், மறித்தபோதும் அதைத்தான் பார்த்தேன். கோபம், பாசம் என்று இரண்டு பெட்டி வைத்து எதில் போடுவது என்று இத்தனை வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது. குழப்பம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அதோடு தூங்கப் பழகிவிட்டேன், அவ்வளவுதான்.

ரொண்டாவுக்குக் கொடுத்த அந்தப் பாஸ் எனக்குத் தெரியவில்லை. நீ எதைச் செய்தாலும் தெரிந்துகொள்கிற எனக்கு அது தெரியவில்லை. என் கைக்கு அடியில் போன பிறகுதான் பார்த்தேன். இவள் யார் என்று நினைத்தேன். தோற்றது வலித்தது. ஆனாலும் அந்தப் பாஸை மறக்க முடியவில்லை.

உன் கோச் ‘சரி’ என்று போனதைப் பற்றி எழுதியிருந்தாய். நீ அவரிடம் ‘தெரியல’ என்றதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்ததும் எழுதுகிறேன், கேட்டுக்கொண்டிருக்காதே. பஸ்ஸில் நான் சிரித்ததையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆகவே கணக்கில் நீ மட்டும் இல்லை.

லீக் அடுத்த ஆண்டு இருக்குமோ இருக்காதோ என்று இங்கே எல்லாரும் கிசுகிசுக்கிறார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் ஊரில் இருப்பேன். பள்ளிக்கூட ஜிம்மைத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறேன். நீ வா. ரொண்டாவைக் கூட்டி வராதே, அவள் சிரித்தால் எனக்கு ஷாட் தவறும்.

பந்து என்னிடம் இருக்கும். நீ தடுக்க வேண்டும். வாழ்க்கையில் நீ யாரையும் தடுத்ததில்லை, தெரியும். அதற்குக் கை வேகமோ கால் வேகமோ வேண்டாம். எதிரே நிற்கிறவளை விடாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உன்னால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். நிறைய அடிவாங்குவாய்.

அன்றைக்கு எத்தனை போட்டேன் என்று எழுதி வைக்க யாரும் இருக்க மாட்டார்கள். பயப்படாமல் வா.

டார்லா